கணக்கில் சேராத செலவு

கடந்த மாதம் யாழ்ப்பாணம் சென்றிருந்த வேளையில் எனது தங்கையின் மகன், கொப்பியில் இருந்து கிழித்த ஒரு தாளுடன் என்னிடம் வந்தான். வயது இருபத்தேழு. வணிகப் பிரிவில் உயர்தரம் படித்து, பட்டமும் பெற்று, நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் மாதம் 75 ஆயிரம் ரூபா சம்பளத்துக்கு வேலை செய்கிறான். இங்கிலாந்தில் ஓராண்டு கால முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. போவதற்கு முடிவு செய்துவிட்டு, கணக்குச் சரியா என்று பார்ப்பதற்காகத்தான் என்னைத் தேடி வந்தானே தவிர, போகலாமா என்று கேட்பதற்காக அல்ல.

தாளில் நான்கு வரிகள் இருந்தன. பல்கலைக்கழகக் கட்டணம் 60 இலட்சம். முகவருக்கு 5 இலட்சம். விசாவுக்கும் விமானச் சீட்டுக்கும் 8 இலட்சம். முதல் ஆறு மாதச் சாப்பாடு, வாடகை 17 இலட்சம். அடியில் இரண்டு கோடுகள் போட்டு 90 இலட்சம் என்று எழுதியிருந்தான்.

"தொண்ணூறு இலட்சம் முடியும் மாமா. கிணத்தடிக் காணி ஆறு பரப்பையும் வித்தால் சரியா வரும். அது சும்மாதானே கிடக்குது" என்றான்.

கூட்டலில் பிழை ஏதும் இல்லை. ஆனால், கணக்கு முழுவதும் பிழையாக இருந்தது. கையில் இருந்து வெளியே போகும் பணத்தை மாத்திரமே அவன் எழுதியிருந்தான். இந்தத் தெரிவைச் செய்வதனால் கைக்கு வராமலே போய்விடப்போகின்ற எதுவும் அந்தத் தாளில் இல்லை. ஓராண்டுச் சம்பளமான 9 இலட்சம் ரூபா அங்கு இல்லை. காணியும் அங்கு இல்லை. அதை விற்றால் வரும் பணம்தான் இருந்தது. 'சும்மா' என்ற ஒற்றைச் சொல்லால் அந்தக் காணியை அவன் கணக்கில் இருந்து அகற்றிவிட்டிருந்தான்.

உயர்தர வகுப்பில் பொருளியலைப் பாடமாகப் படித்தவனுக்கு இது தெரியாத விடயம் அல்ல. எமது நாட்டு மாணவர்கள் 'அமையச் செலவு' என்ற பெயரில் இதைப் படிக்கிறார்கள். தமிழகத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று சொல்கிறார்கள். அமையம் என்றால் தக்க சமயம், வாய்ப்பு என்று பொருள். ஒன்றைத் தெரிவு செய்யும்போது நாம் கைவிடுகின்ற மற்றைய வாய்ப்புகளில் எது மிகச் சிறந்ததோ அதன் பெறுமதியே நாம் தெரிவு செய்ததன் உண்மையான செலவு என்பதுதான் அதன் சாரம். ஒஸ்ரியப் பொருளியலாளர் பிரீட்ரிக் வொன் வீசர் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சிந்தனையை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர். பரீட்சைத் தாளில் இதற்கு வரைவிலக்கணம் எழுதிப் புள்ளி பெற்ற ஒருவன், தன் சொந்த வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை எடுக்கும் வேளையில் அதை மறந்துபோகிறான் என்றால், குறை அவனிடம் மாத்திரம் இல்லை. செலுத்தும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. கைவிடுவது தெரிவதில்லை. அதற்குப் பற்றுச்சீட்டு எவரும் தருவதில்லை.

இதை நான் பொருளியல் நூல்களில் இருந்து கற்றுக்கொள்ளவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் இரவுப் பணியில் இருந்த காலத்தில் கற்றுக்கொண்டேன்.

பத்திரிகையின் முதற்பக்கத்துக்கு எட்டுப் பத்திகள்தான் உண்டு. உலகமே தலைகீழாகப் புரண்டாலும் அது ஒன்பது பத்திகளாக ஆவதில்லை. ஒரு செய்தி உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போக வேண்டும். எதைப் போடுவது என்பது இலகுவான கேள்வி. எதை எடுப்பது என்பதே இரவு பத்து மணிக்குப் பிறகு உதவி ஆசிரியரின் முன்னால் இருக்கும் கேள்வி.

1980களின் பிற்பகுதியில் ஓர் இரவு. கிழக்கில் இருந்து எமது பிரதேச நிருபர் ஒரு பெயர்ப்பட்டியலை அனுப்பியிருந்தார். ஒரு கிராமத்தில் சுற்றிவளைப்பின்போது அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் பதினொரு பேரின் பெயர்கள், வயது, தந்தையின் பெயர் ஆகியவை அதில் இருந்தன. செய்தியென்று வேறு எதுவும் இல்லை. அதற்கென ஓர் இடம் ஒதுக்கியிருந்தேன். பக்கம் முடியும் தறுவாயில் விளம்பரப் பிரிவில் இருந்து ஒரு விளம்பரம் வந்து சேர்ந்தது. இனி ஒன்றை எடுக்க வேண்டும். மிஞ்சியிருந்தவை இரண்டு. ஒன்று, ஒரு கட்டிடத் திறப்பு விழாவில் அமைச்சர் ஆற்றிய உரை, படமும் உண்டு. மற்றையது இந்தப் பட்டியல். அமைச்சரின் உரை விடுபட்டால் காலையில் தொலைபேசி அழைப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். பட்டியலை மேசை லாச்சிக்குள் வைத்து, 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று எண்ணிக்கொண்டேன். மறுநாள் வேறு செய்திகள் வந்தன. மூன்றாம் நாள் அது பழைய செய்தியாகிவிட்டது.

இரண்டு வாரங்கள் கழித்து ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். கிழக்கில் இருந்து பஸ்ஸில் வந்திருந்தார். மடியில் இருந்து எடுத்து நீட்டிய தாளில் அதே பதினொரு பெயர்கள் இருந்தன. "பேப்பரில வந்தால் ஆளைப் பிடிக்கேல்லை எண்டு சொல்ல ஏலாது எண்டு சொன்னவை ஐயா" என்றார். அன்றிரவே அதை வெளியிட்டோம். இரண்டு வாரங்களுக்கு முன்னர் வெளிவந்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் இத்தனை வருடங்களாக என்னுடன் இருக்கிறது.

அமைச்சரின் உரைக்கு நான் கொடுத்த விலை என்ன? நான்கு அங்குல இடம் அல்ல, அந்தப் பட்டியல். எந்தப் புத்தகத்திலும் அது செலவாக எழுதப்படவில்லை. முகாமையாளர் கேட்கவில்லை. வாசகர் எவரும் முறையிடவும் இல்லை. வெளிவந்த தவறைக் கண்டித்து மறுநாளே கடிதம் வரும். வெளிவராத செய்திக்காக எவரும் கடிதம் எழுதுவதில்லை. அது வெளிவரவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியாது.

பிரெஞ்சுப் பொருளியலாளர் பிரெடெரிக் பஸ்தியா தமது மரணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1850 இல், கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததையும் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஒரு கடைக்காரரின் மகன் யன்னல் கண்ணாடியை உடைத்துவிடுகிறான். கூடியிருப்பவர்கள், கண்ணாடி பொருத்துபவனுக்காவது இதனால் வேலை கிடைத்ததே என்று ஆறுதல் கூறுகிறார்கள். அந்தப் பணத்தில் கடைக்காரர் வாங்கியிருக்கக்கூடிய சப்பாத்தையோ புத்தகத்தையோ எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்காரனுக்குக் கிடைத்த பணம் தெரிகிறது. சப்பாத்துத் தைப்பவனுக்குக் கிடைக்காமல் போன பணம் தெரிவதில்லை. பதினொரு பெயர்களையும் நான் லாச்சிக்குள் வைத்த அந்த இரவில் பஸ்தியாவை நான் அறிந்திருக்கவில்லை. பின்னர் அவரைப் படித்தபோது அந்த லாச்சிதான் நினைவுக்கு வந்தது.

'சும்மா', 'இலவசம்', 'மலிவு' ஆகிய மூன்று சொற்களையும் கேட்கும்போது எனக்கு ஓர் எச்சரிக்கை உணர்வு உண்டாவதுண்டு. விலைச் சீட்டு இல்லாத பொருளுக்கு விலை இல்லை என்று ஆகிவிடாது. வேறு எதிலோ அந்த விலை அறவிடப்படுகிறது.

2022 ஆம் ஆண்டு இலங்கையில் வாழ்ந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. அந்த வருடம் ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோலின் விலை 470 ரூபாவாக உயர்ந்தது. ஆனால், 470 ரூபாவைக் கொடுத்து அதை எவராலும் வாங்க முடியவில்லை. எரிபொருள் நிலையத்தின் வாயிலில் இரவு பகலாக நிற்கவும் வேண்டியிருந்தது. முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர் இரண்டு நாட்கள் வரிசையில் நின்றார் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 3,000 ரூபா உழைக்கக்கூடியவர் என்றால், அவர் பெற்ற பத்து லீற்றருக்குக் காசாகக் கொடுத்தது 4,700 ரூபா. உழைக்காமல் இழந்தது 6,000 ரூபா. லீற்றர் ஒன்று உண்மையில் அவருக்கு 1,070 ரூபா. சாரதியைத் தனது வாகனத்துடன் வரிசையில் நிற்க விட்டுவிட்டு வீட்டில் இருந்தவருக்கோ அது 470 ரூபாவுக்குச் சற்றுக் கூடுதலாக மாத்திரமே இருந்தது. விலைப்பலகை எல்லோருக்கும் ஒன்றுதான். நாளாந்தம் உழைத்து உண்பவரே அதிக விலை கொடுத்தார். அந்த வரிசைகளில் நின்று மயங்கி விழுந்து உயிரிழந்த முதியவர்களும் உண்டு. அந்த விலையை எந்தப் பலகையில் எழுதுவது?

அந்த வருடத்தின் ஆரம்பத்தில் நாட்டின் தலைமை எடுத்த ஒரு முடிவையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். 2022 ஜனவரி 18 ஆம் திகதி முதிர்ச்சியடைந்த 500 மில்லியன் டொலர் சர்வதேச பிணைமுறியை அரசாங்கம் முழுமையாகச் செலுத்தியது. அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்த வேளை அது. செலுத்த வேண்டும் என்றவர்கள், சுதந்திரம் அடைந்த நாள் முதல் கடன் தவணை தவறாத நாடு என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று வாதிட்டனர். அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் கூறமாட்டேன். நற்பெயருக்கும் ஒரு பெறுமதி உண்டு. ஆனால், அந்தப் பெயரை வாங்குவதற்கு எதைக் கொடுக்கிறோம் என்ற கேள்வி உரத்துக் கேட்கப்படவில்லை. அதே டொலர்களால் எரிவாயுவும் மருந்தும் எரிபொருளும் வாங்கியிருக்கலாம். மார்ச் மாதத்தில் காகிதத் தட்டுப்பாட்டால் மேல்மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அந்த மாத முடிவில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களை எட்டியது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஜனவரியில் விலைகொடுத்து வாங்கிய நற்பெயர் மூன்று மாதங்கள்கூட நிலைக்கவில்லை.

அதற்கு முந்திய வருடமான 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடையும் இத்தகையதே. மக்களின் ஆரோக்கியமே தடைக்கான காரணமாகக் கூறப்பட்டது. பசளைக்காக வெளியே செல்லும் டொலர்கள் மிச்சமாகும் என்பதும் கணக்கில் இருந்தது. அந்த மிச்சத்தை எண்ணியவர்கள், பசளை இல்லாத வயலில் விளையாமல் போகப்போகும் நெல்லை எண்ணவில்லை. நவம்பர் மாதத்தில் தடை தளர்த்தப்பட்டபோது பெரும்போகத்தின் விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. பசளைக்குச் செலவிடாத டொலர்களுக்குப் பதிலாக அரிசிக்கு டொலர்களைச் செலவிட நேர்ந்தது. விவசாயியின் வீட்டில் ஏற்பட்ட இழப்பு வேறு.

அரசாங்கங்களைக் குறை சொல்வது எமது தொழிலில் இலகுவான காரியம். அதே தவறை வீடுகளிலும் நாம் நாள்தோறும் செய்கிறோம் என்பதை ஒப்புக்கொள்வதுதான் கடினம். பாவனைக்கு எடுக்காமல் வங்கிப் பெட்டகத்தில் வைத்திருக்கும் நகையைச் 'சும்மா இருக்கிறது' என்கிறோம். புலம்பெயர்ந்த நாடொன்றில் இரண்டு வேலை செய்து ஊரில் மாடிவீடு கட்டிய நண்பர் ஒருவர், அதைப் பூட்டி வைத்துவிட்டு, முற்றம் கூட்டுவதற்கு ஒருவருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். கட்டிமுடித்த வீடுதானே, இனிச் செலவு இல்லை என்பது அவரது நினைப்பு. அந்தப் பணத்தில் தமது மகளின் படிப்புக் கடனை அடைத்திருக்கலாம் என்று அவர் ஒருமுறை என்னிடம் கூறினார். கூறிய மறுகணமே, "ஆனால் எங்கட ஊரில எங்கட வீடு எண்டு ஒண்டு வேணும்தானே" என்றார். அதுவும் உண்மைதான். அந்த வீடு அவருக்கு அவ்வளவு பெறுமதியானது என்றால் அவர் தவறு செய்யவில்லை. எதைக் கொடுத்து எதைப் பெற்றோம் என்பதைத் தெரிந்துகொண்டு செய்வதுதான் முக்கியம்.

இங்கு சிலர் ஒரு மறுப்புத் தெரிவிப்பார்கள். எல்லாவற்றையும் இவ்வாறு எடைபோட்டுப் பார்த்தால் வாழ்க்கை வியாபாரம் ஆகிவிடாதா என்று கேட்பார்கள். எடைபோடுவது வேறு, காசாக்குவது வேறு என்பதே எனது பதில். படுக்கையில் இருக்கும் தாயைப் பராமரிப்பதற்காக வேலையை விட்ட பெண் தான் கைவிட்டது என்னவென்பதை நன்கு அறிவாள். அறிந்துகொண்டே அதைச் செய்கிறாள். அவளது செயலின் உயரம் நமக்குத் தெரிவதே அவள் கைவிட்டதை நாம் அறியும்போதுதான். செலவே இல்லை என்று சொல்லிவிட்டால் அவளுக்கு நன்றி சொல்லவும் வழியில்லாமல் போய்விடும்.

இதைக் கூறுவதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு.

நான் இலவசக் கல்வியின் பிள்ளை. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945 இல் நடைமுறைக்கு வந்த அந்தத் திட்டம் இல்லையென்றால் புகையிலைத் தோட்டக்காரரின் மகனான நான் பேனா பிடித்திருக்க மாட்டேன். நண்பர்கள் மத்தியில் பல தடவைகள் பெருமையுடன் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு சதமும் கொடுக்காமல் படித்தேன் என்பேன். கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால், 1978 இல் உயர்தரம் படிப்பதற்காக நான் நகரத்துக்குப் போனபோது எங்கள் தோட்டத்தில் இரண்டு கைகள் குறைந்தன. தந்தையாரால் தனியே இறைக்க முடியாது. தாயார் நோயாளி. கூலிக்கு ஆள் பிடிக்க வசதியில்லை. பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனது தங்கை அந்த வருடத்துடன் பாடசாலையை நிறுத்தினாள். யாரும் அவளை நிறுத்தும்படி சொன்னதாக எனக்கு நினைவில்லை. யாரும் நிறுத்த வேண்டாம் என்று சொன்னதாகவும் நினைவில்லை. விடியற்காலையில் அவள் வாய்க்கால் கட்டித் தண்ணீர் திருப்பினாள். நான் விடுதியில் இருந்து படித்தேன். கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி.

எனது கல்வி இலவசமாக இருக்கவில்லை. அதன் அமையச் செலவை அவள் செலுத்தினாள். அதைப் புரிந்துகொள்வதற்கு எனக்கு நாற்பது வருடங்கள் தேவைப்பட்டன. அமையச் செலவு பற்றிய பாடநூல்கள் ஒரு மனிதன் தெரிவு செய்கிறான், அவனே கைவிடுகிறான் என்ற வகையிலேயே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கின்றன. எங்கள் குடும்பங்களில் தெரிவு செய்பவர் ஒருவராகவும் கைவிடுபவர் இன்னொருவராகவும் இருப்பது சாதாரணம். அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருக்கிறார்.

பின்னர் அவளுக்குத் திருமணம் ஆனபோது தந்தையார் சீதனமாகக் கொடுத்தது அவள் இறைத்த அந்தக் கிணற்றடிக் காணியைத்தான். அந்த ஆறு பரப்பைத்தான் அவளது மகன் 'சும்மா கிடக்குது' என்று என்னிடம் கூறினான்.

அன்று மாலை மருமகனை இருத்தி, தாளின் மறுபக்கத்தில் கணக்கை மீண்டும் எழுதினோம். முதலில் சேர்க்க வேண்டியது ஓராண்டுச் சம்பளம் 9 இலட்சம். அடுத்தது குறைக்க வேண்டியது. சாப்பாட்டுக்கு என்று எழுதிய தொகை முழுவதும் படிப்பின் செலவு அல்ல. இங்கிருந்தாலும் அவன் சாப்பிடத்தான் போகிறான். இங்கு செலவாவதைவிட அங்கு எவ்வளவு மேலதிகமோ அதுதான் செலவு.

மூன்றாவது, முகவருக்கு ஏற்கெனவே கட்டிவிட்ட 3 இலட்சம். "அதை விடேலாது மாமா, கட்டின காசு" என்றான். அந்தக் காசு திரும்பி வராது. போனாலும் வராது, நின்றாலும் வராது. ஆகவே, போவதா நிற்பதா என்ற முடிவில் அதற்கு இடம் இல்லை. இன்று முதல் செலவாகப்போவதைத்தான் எண்ண வேண்டும். மூன்று இலட்சத்தை வீணாக்கக்கூடாது என்பதற்காக மேலும் 87 இலட்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டியவர்கள் எமது சமூகத்தில் குறைவில்லை.

நான்காவது, காணி. அது சும்மா கிடக்கவில்லை. அயலவர் ஒருவர் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் செய்கிறார். விற்றால் 90 இலட்சம் என்றால், அதை வங்கியில் இட்டு ஒரு பேச்சுக்கு ஆண்டுக்கு 8 சதவீத வட்டி பெற்றாலும் 7 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா வரும். குத்தகை அதைவிடக் குறைவு. ஆனால், காணி காணியாகவே இருக்கும். அதன் விலையும் ஏறும். இந்த இரண்டையும் சேர்த்துக் கூட்டிவிடக்கூடாது. ஒரே காணியை வைத்திருக்கவும் விற்கவும் ஒருசேர முடியாது. இரண்டில் எது மேலானதோ அது ஒன்றுதான் அவன் கைவிடுவது.

இவற்றுக்கு எதிரே படிப்பினால் கிடைக்கக்கூடியதையும் எழுதினோம். அங்கு வேலை கிடைத்தால் என்ன வருமானம், கிடைக்காமல் திரும்பினால் இங்கு என்ன சம்பளம் என்று இரண்டு வரிகள். முதலாவது வரியை அவன் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்தான். இரண்டாவதைப் பற்றி அதுவரை சிந்திக்கவில்லை. போகாமல் நிற்பதற்கும் விலை உண்டு என்பதையும் அவனுக்குச் சொல்லத் தவறவில்லை. இருபத்தேழு வயதில் போகக்கூடிய இடத்துக்கு முப்பத்தேழு வயதில் போவது கடினம். ஒன்றும் செய்யாமல் இருப்பதைச் செலவில்லாத தெரிவு என்று எண்ணிக் காலத்தைக் கழித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது தங்கை தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வாசற்படியில் அமர்ந்தாள். நான் அவளிடம் கேட்டேன். "நீ என்ன நினைக்கிறாய், தங்கச்சி?"

"அவன் போகட்டும் அண்ணை. நான் மறிக்கேல்லை" என்றாள். சிறிது நேரம் கழித்து, "கிணத்தடியை வித்துப்போட்டு நான் என்ன செய்யிறது எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைப்பதுபோலச் சொன்னாள். 1978 இலும் அவளிடம் எவரும் கேட்கவில்லை. அன்று கேட்காதவர்களில் நானும் ஒருவன். எனக்கு நாற்பது வருடங்கள் எடுத்ததை எனது மருமகன் அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டானா என்று சொல்ல முடியாது. ஆனால், தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தான்.

கொழும்புக்குத் திரும்பிய பிறகு கடந்த வாரம் தொலைபேசியில் அழைத்தான். படிப்பு ஆரம்பமாகும் தவணையை ஒன்று தள்ளிப் போட்டுத் தரும்படி பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறானாம். புலமைப்பரிசில்களுக்கும் விண்ணப்பித்திருக்கிறான். காணியில் நான்கு பரப்பை வைத்துக்கொண்டு இரண்டை மாத்திரம் விற்று, மீதிக்குக் கடன் பெற முடியுமா என்று வங்கியில் விசாரித்திருக்கிறான். கிணறு எந்தப் பங்கில் வரும் என்று தாயிடம் கேட்டானாம். அவன் போவானா, நிற்பானா என்பது இன்னும் முடிவாகவில்லை. அந்த முடிவு அவனுடையது. அதை நான் எடுத்துக் கொடுக்கப்போவதில்லை.

இதை வாசிக்கும் அன்பர்களில் பலர் இத்தகைய ஒரு தெரிவின் வழியாகவே இன்று இருக்கும் நாட்டுக்கு வந்து சேர்ந்திருப்பீர்கள். உங்களுக்காக எங்கோ ஒரு காணி விற்கப்பட்டிருக்கும். ஒரு தாலிக்கொடி அடகு போயிருக்கும். ஒரு தங்கையோ தம்பியோ படிப்பை நிறுத்தியிருப்பார்கள். வாங்கிய கடனைப் பலரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது எழுதி வைக்கப்பட்ட கணக்கு. எழுதி வைக்கப்படாத மற்றைய கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். அவர் இன்னும் இருக்கிறார் என்றால், இன்றிரவே ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துப் பேசுங்கள்.